புற்றுக்குச் சோறு போடுகிறவள்

என் அக்காவின் வேலை புற்றுநோய்க்குச் சோறு போடுவது. சத்தியமாக, சம்பளத்துக்குத்தான். ஆய்வுக்கூடத்தில் சின்னச் சின்னத் தட்டுகளில் புற்றுச் செல்களை வளர்க்கிறாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவற்றுக்குப் பசிக்காதா என்ன?

எனக்கே அந்த நோய் வந்ததும், அவளைவிட எனக்கு விவரம் கூடிவிட்டது. பட்டினி கிடந்தால் செல் தன் குப்பையைத் தானே தின்னும் என்று எங்கோ படித்தேன். அவ்வளவுதான், புற்றையும் பட்டினி போட்டே ஒழித்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினேன். அக்கா கொடுத்தனுப்பிய சாப்பாடெல்லாம் எங்கள் கட்டடத்து லிஃப்ட்காரர் வயிற்றுக்குப் போனது. நான் ஈர்க்குச்சி ஆனேன். மூன்றாவது தவணை மருந்தை டாக்டர் பத்து நாள் தள்ளிவைத்தார். அதற்குள் எடை ஐம்பது கிலோவைத் தொடாவிட்டால் இன்னும் தள்ளிப்போகும் என்றார்.

லிஃப்ட்காரர் நல்ல மனிதர். அக்காவைப் பார்த்ததும் அவள் சமையலைப் புகழ்ந்து தள்ளிவிட்டார். குட்டு உடைந்தது.

அவள் திட்டவில்லை. காதைப் பிடிக்காத குறையாக ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துப்போய் மைக்ரோஸ்கோப்பில் குனியவைத்தாள். முதல் தட்டில் சோறு கிடையாது, மருந்து மட்டும். ஆனாலும் பாதிக்குமேல் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தன. தன் உறுப்புகளையே தின்று பிழைக்கிற சாமர்த்தியம் என்றாள். இரண்டாவது தட்டில் அந்த வழியையும் வேறொரு மருந்தால் அடைத்திருந்தார்கள். அங்கே பெரும்பாலானவை செத்து மிதந்தன. அதையே எனக்குக் கொடு என்றேன். தட்டில் பலித்தது உடம்பிலும் பலிக்குமா என்று இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"பட்டினி கிடக்கிறதுல அது உன்னைவிடக் கெட்டிடா. பதினோரு வருஷமா அதுக்குச் சோறு போட்டிருக்கேன். உனக்குப் பத்து நாள் போட மாட்டேனா?"

போட்டாள். கண் விழித்தால் கஞ்சி, கண் அசந்தால் முட்டை. மருந்து நாளன்று எடை மெஷின் ஐம்பதரை காட்டியது. ஊசிக்காக இப்படிக் குதித்த ஆளை நர்ஸ் பார்த்ததே இல்லையாம். தள்ளாடி நின்ற அக்காவையும் விளையாட்டாக மெஷினில் ஏற்றினேன். எனக்கு ஏறியது இரண்டு கிலோ. அவளுக்கு இறங்கியிருந்தது மூன்று.

"ஏன்க்கா, நீ சாப்பிடலையா?"

"பயமா இருந்துச்சுடா. தொண்டையில இறங்கல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இடது கையில் மருந்து ஏற ஏற, வலது கையால் அவளுக்கு ஊட்டினேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எனக்குக் கொண்டுவந்த இரண்டு டப்பாவையும் காலி செய்தாள்.