ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்த பருத்தி

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒருவர் பருத்தி போடுகிறார் என்று சொன்னால் மேற்கே உள்ளவர்கள் சிரிப்பார்கள். ரப்பர் உண்டு, வாழை உண்டு, தென்னை உண்டு, பருத்தி எங்கே இருந்து வந்தது என்பார்கள். அவர்கள் அஞ்சுகிராமத்தைத் தாண்டி வந்து பார்த்ததில்லை. பச்சை முடிந்து திருநெல்வேலிச் சீமையின் வறண்ட காற்று தொடங்குகிற அந்த ஓரத்தில் நாராயணபெருமாளுக்கு ஒரு துண்டுக் கரிசல் இருந்தது. அதில் பருத்தி தவிர வேறெதையும் அவர் விதைத்ததில்லை. பிடிவாதக்காரர் என்று ஊர் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னது. அவரும் அதைப் பட்டம் கொடுத்ததுபோல வாங்கிக்கொண்டார்.

நெட்டையான, ஒட்டிய கன்னத்து ஆள். வாலிபத்தில் கூட்டாளிகளெல்லாம் சவுதிக்குப் போனபோது இவரும் பாஸ்போர்ட் எடுத்தார். விதைப்பு முடியட்டும், பறிப்பு முடியட்டும் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் பாஸ்போர்ட் காலாவதியானதுதான் மிச்சம். மகள் இந்துஜாவை மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்தார். மனைவி சண்முகவடிவும் அவரும் அந்த நிலமுமாக வாழ்க்கை ஓடியது.

அந்த நிலத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அவருடைய அப்பா காலத்து நேர்ச்சை அது. காய் வெடித்ததும் முதல் பருத்தியை, அவர்கள் கும்பிடுகிற தெய்வமான அய்யாவுக்கு எடுக்க வேண்டும். அதையும் ஞாயிற்றுக்கிழமைதான் எடுக்க வேண்டும். நாராயணபெருமாள் விடியலில் குளித்து, நெற்றியில் நாமமிட்டு, தலைப்பாகை கட்டிக்கொண்டு வயலில் இறங்குவார். ஓலைப்பெட்டி நிறைய முதல் பருத்தியைப் பறிப்பார். சண்முகவடிவு அதில் கொட்டை நீக்கி, தொடையில் வைத்துத் திரித்து, ஊரில் அய்யாவைக் கும்பிடுகிற இடமான நிழல்தாங்கலின் விளக்குக்கு வருஷம் முழுக்க எரியக் காணும்படி திரி செய்து கொடுப்பாள். அந்த ஞாயிறு வரைக்கும் வயலில் எவ்வளவு வெடித்துக் கிடந்தாலும் ஒருவரும் கை வைக்கக்கூடாது.

முன்பு இதனால் ஒரு நட்டமும் வந்ததில்லை. அடிச்செடியில் ஒன்று, நடுவில் ஒன்று என்று பருத்தி ஆற அமரத்தான் வெடிக்கும். மாசி மாதத்தில் மழை என்ற பேச்சே கிடையாது. நாலு நாள் காத்திருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

இப்போது முழுகுகிறது. புரட்டாசியில் விதைத்தால் மழை வருவதில்லை; வந்தால் விதையையே அள்ளிக்கொண்டு போகிற மாதிரி வருகிறது. தை முடிவதற்குள் சித்திரை வெயில் அடிக்கிறது. பகல் போகட்டும், ராத்திரியாவது செடிக்குக் குளிர்ச்சி வேண்டாமா? அதுவும் இல்லை. பூத்த பூ பாதி உதிர்ந்துவிடுகிறது. தப்பிய காய் சிறுத்துப்போய், முற்றாமலே சூட்டில் வாய் பிளக்கிறது. வயல் முழுக்க ஒரே வாரத்தில் வெடித்துத் தள்ளுகிறது. உலகம் சூடாகிவிட்டது என்று அதிகாரிகள் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஏ.சி. காரில் ஏறிப் போனார்கள். உலகத்தைச் சூடாக்க நாராயணபெருமாள் செய்ததெல்லாம் ஒரு பழைய மொபெட் ஓட்டியதுதான். அதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமா?

போன புரட்டாசியில் விதைக்கும் முன்னால் புருஷனும் மனைவியும் ஒரு பேச்சு பேசிக்கொண்டார்கள். சோலார் கம்பெனிக்காரர்கள் நிலம் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்த நேரம்.

"இந்த ஒரு வெள்ளாமை பாப்போம். இதுவும் போச்சுன்னா நெலத்தைச் சோலாருக்கு விட்டுட்டு இந்துஜாகிட்டப் போயிருவோம். சம்மதமா?" என்றாள் சண்முகவடிவு.

"மக வீட்டுல குந்தித் தின்னச் சொல்லுதியா?"

"இஞ்ச நாம ரெண்டு பேரும் என்னத்தத் திங்கோம்?"

அவர் சம்மதம் என்று தலையாட்டிவிட்டு விதைத்தார்.

ஆச்சரியம், அந்தச் செடி பிழைத்தது. பூ உதிர்ந்ததுபோக நின்ற காய்களே கண்ணுக்கு நிறைவாக இருந்தன. மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வெடிக்கத் தொடங்கி, வியாழனுக்குள் வயல் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. நாராயணபெருமாள் வரப்பில் நின்று பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

பறிக்கிற பெண்கள் வந்து நின்றார்கள். "மாமா, புழுக்கம் ஒரு மாதிரியா இருக்கு. மேகமும் சரியில்ல. இன்னைக்கே எறங்குதோம்" என்றாள் அவர்களில் ஒருத்தி.

"ஞாயித்துக்கெழம வாங்க மக்கா. அய்யாவுக்கு எடுக்காம எப்பிடி?"

சண்முகவடிவு அவரை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "நீங்க சும்மா இரிங்க. நாளைக்கே பறிக்கட்டும். அய்யா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."

"ஏட்டி, என்ன பேச்சு பேசுத? எங்க அப்பன் நேர்ந்தது."

"நான் சொல்லுதேன், பறிங்க."

அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. என்னவோ சொல்ல வந்தவள்போல வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நாராயணபெருமாளுக்கு அது பொம்பளைப் பயமாகத்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் காத்துத் தந்த அய்யா, மூன்று நாளில் கைவிட்டுவிடுவாரா என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மழை வந்தது. தூறல் இல்லை, ஐப்பசி மழைபோல ஊற்றியது. அவர் வயலுக்கு ஓடினார். ஓடி என்ன செய்ய? வெடித்த பருத்தி வானத்துக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. ஒரு குடை பிடித்து மூடுகிற காரியமா அது? பஞ்சு நனைந்து கனத்து, இழுபட்டுத் தொங்கி, சேற்றில் விழுந்தது. மழை நின்ற கையோடு வெயில் சுள்ளென்று அடித்தது. ஈரத்தோடு வெந்து வயல் முழுக்கப் பழுப்பேறிப் போயிற்று. அவர் வரப்பில் உட்கார்ந்து அழுதார், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

ஞாயிறு விடிந்ததும் எழுந்து குளித்தார். நாமமிட்டார். தலைப்பாகை கட்டினார். ஓலைப்பெட்டியோடு போய், கறைபடாத பஞ்சாகத் தேடித் தேடிப் பறித்துக்கொண்டு வந்து மனைவி முன்னால் வைத்தார்.

"அய்யாவுக்கு உள்ளது வந்தாச்சு. மத்ததும் வெயிலுக்குக் காஞ்சுரும். ஒரு வருசம் கூடப் பாப்போம் பிள்ளே. அடுத்த வெள்ளாமைக்கு..."

சண்முகவடிவு பெட்டியைக் காலால் தள்ளினாள். அத்தனை வருஷத்தில் அவள் செய்யாத காரியம்.

"இத வச்சி நான் என்ன செய்ய? மூணு வருசமா ஒங்க பருத்தி திரியாது. தெரியுமா ஒங்களுக்கு? இழையில நீளமே இல்ல. திரிக்கத் திரிக்கப் பிஞ்சு பிஞ்சு போவுது. அடிச்ச வெயிலுக்குப் பிஞ்சிலயே வெந்து வருது, அது எப்பிடித் திரியும்? தாங்கல்ல எரியுது கடைத்திரி. அஞ்சுகிராமத்துல பாக்கெட் வாங்கிப் பிரிச்சி, நான் திரிச்சதுன்னு சொல்லிக் கொண்டு குடுத்தேன்."

நகர்ந்துபோன பெட்டியை நாராயணபெருமாள் பழைய இடத்துக்கு இழுத்து வைத்தார்.

"வியாழக்கெழமயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க வரப்புல நின்னு சிரிச்சிய. அதப் பாத்தப்பெறவு எனக்கு நாக்கு வரல" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அப்பம் நான் யாருக்காகக் காத்துக் கெடந்தேன்?"

அவளை அடிக்கக் கையை ஓங்கினார். தன் தலையில்தான் அடித்துக்கொண்டார். தலைப்பாகை நெகிழ்ந்தது. அதைச் சரி செய்துகொண்டு வெறுங்கையோடு நிழல்தாங்கலுக்கு நடந்தார்.

பணிவிடை என்கிற அன்றைய வழிபாடு முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அவர் விளக்கின் முன்னால் போய் நின்றார். திரி வெள்ளையாக, ஒரே சீராக இருந்தது. சுடர் கொஞ்சமும் அலையாமல் நின்று எரிந்தது.

பணிவிடை செய்கிற பெரியவர் பக்கத்தில் வந்தார். "அய்யா உண்டு. மழையில பருத்தி போச்சாமே வோய், கேள்விப்பட்டேன். மனசு விட்டுராதேயும்" என்றவர், விளக்கைப் பார்த்துச் சிரித்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும். முன்னெல்லாம் உம்ம வீட்டுத் திரி எண்ணெய் இழுக்காது, படபடன்னு பொரியும். இப்பம் ரெண்டு மூணு வருசமா என்னமா நின்னு எரியுது! சண்முகவடிவுக்குக் கை நல்லாப் பழகிட்டு."

"ஆமா, பழகிட்டு" என்றார் நாராயணபெருமாள்.

வெளியே வந்து செருப்பை மாட்டினார். மடியிலிருந்து போனை எடுத்துச் சோலார் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டார்.

"நாளைக்கே வந்து அளந்துக்கிடுங்க. செடி நிக்குதேன்னு பாக்காண்டாம். பிடுங்கிருங்க."