நடவு வயலில் கவிழ்ந்த விமானம்

ஐயா, அம்மா, அச்சத்தால் மனிதனுடைய கை உணர்விழந்து போகும் என்பதை இரண்டாம் உலக யுத்த காலத்து ஆனி மாதத்தில் ஒருநாள் நான் அறிந்தேன்.

அப்போது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே பேருந்து ஓட்டிவந்தேன். பெட்ரோல் கிடையாது. வண்டியின் பின்னால் உலை பூட்டி, கரி எரித்தே ஓட்டினோம். மேற்குக் கடற்கரைத் துறைமுகத்தில் பாகங்களை இணைத்துக் கட்டிய புது விமானங்களைக் கிழக்கே பட்டாளத்திடம் ஒப்படைக்க, விமானிகள் தனி ஆளாக மலை தாண்டி வருவார்கள் என்பதைப் பிற்பாடே கேள்விப்பட்டேன்.

அன்று மலை முழுவதும் சாரல் மேகத்துக்குள் மறைந்திருந்தது. திடீரென அதனுள்ளிருந்து ஒரு விமானம் தாழ வந்து, நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களின் தலையை உரசுவதுபோல் கடந்து, அடுத்த வயலின் சேற்றில் குப்புறக் கவிழ்ந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன்.

விமானியான வெள்ளைக்கார இளைஞன் இடுப்பு வாரில் தலைகீழாகத் தொங்கினான். முகம் சேற்று நீரில் அமிழ்ந்திருந்தது. இறக்கையின் கீழ் ஊர்ந்து, இரு கைகளாலும் அவன் தலையைத் தூக்கிப் பிடித்தேன். மூச்சு வந்தது. அதே கணத்தில் பெட்ரோல் நெடியும் வந்தது. அது சொட்டுச் சொட்டாக ஒழுகி, வயல் நீரின்மேல் பல நிறங்களாகப் படர்ந்துகொண்டிருந்தது.

அன்றுதான் முதல் நடவு. விமானம் கிடந்த வயலின் வரப்பு மூலையில் மஞ்சள் பிள்ளையாரும் தேங்காயும் சூடமும் முன்பே இருந்தன. தலைக்கு வந்த ஆபத்து தப்பிற்று என்று, பெண்களை அழைத்து வந்த மூத்த அம்மாள் அவ்விடத்திலேயே சூடம் ஏற்ற முனைந்தார். ஈரத் தீக்குச்சி உரசும் ஓசை எனக்குக் கேட்டது.

“ஆச்சி, தீ வைக்காதிய! இது பெட்ரோலு! எல்லாரும் எரிஞ்சிருவோம்!”

“தண்ணிக்குள்ள தீ எப்படில பிடிக்கும்? கரிவண்டி ஓட்டுதவன் எனக்குச் சொல்லித் தருதான்!”

நடுக்கத்தினூடே பெண்கள் சிரித்தார்கள். எழுந்து சென்று தடுத்தால் இவன் மூழ்குவான். தடுக்காவிட்டால் இருவரும் எரிவோம். மீண்டும் குச்சி உரசிற்று. என் வாயில் வந்ததைக் கத்தினேன்.

“ஆச்சி, இவன் போயிட்டான்! உசிரு போன இடத்துல சூடம் கொளுத்துவியளா?”

உரசல் நின்றது. தீட்டென்று பெண்கள் வரப்பேறி விலகினர். என் வண்டியில் வந்த பயணி ஒருவர், “செத்தவனைத் தொட்டா கேஸு வரும்லே, விட்டுட்டு வா” என்று தூரத்திலிருந்தே கூவினார். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. உயிர் இருக்கிறது என்று சொன்னால், சூடம் ஏற்ற மறுபடி தீப்பெட்டியை எடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் என் கைகள் எவ்வளவு நேரம் தாங்கும்? விரல்கள் மரத்துவிட்டன. அவன் நெற்றி என் உள்ளங்கையிலிருந்து சிறிது சிறிதாக நழுவியது.

அப்போது அவன் இருமினான்.

“ஏலே, செத்தவன் இருமுதான்!” என்றார் அந்த அம்மாள்.

“ஆமா ஆச்சி, பொய்தான் சொன்னேன். சூடத்தை அப்புறமா ஏத்துங்க. அரிவாளைக் கொண்டாங்க, கை போவுது!”

“சாமி காரியத்துலயா பொய் சொல்லுத, பாவி?” என்று வைதபடியே தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாழையிலை அறுத்த அரிவாளுடன் சேற்றில் இறங்கி வந்தார். அவர் வாரை அறுக்கும்போது அரிவாள் விமானத் தகட்டில் கிறீச்சிட்டது. ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும் என்று கண்களை மூடிக்கொண்டேன். அவன் என்மேல் விழுந்தான். இருவருமாக வரப்புக்கு இழுத்துச் சென்றோம்.

அவன் உடுப்பெல்லாம் பெட்ரோல். உலை எரியும் என் வண்டியில் ஏற்ற அஞ்சி, மாட்டுவண்டியில் தென்காசி மருத்துவமனைக்கு அனுப்பினேன். அவன் பிழைத்தான்.

அடுத்த ஆண்டுச் சாரல் காலத்தில் இன்னொரு விமானம் குற்றாலத்து மலையில் மோதிற்று. விறகு வெட்டச் சென்றவர்கள் அந்த விமானியின் உடலைத்தான் கொண்டுவந்தார்கள். போர்க்களத்தைக் காணாமலேயே இறந்த அவனைப் பற்றி இங்கே யாரும் பேசக் கேட்டதில்லை. ஆகையால் இந்த எழுத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கும்படி, இதைப் படிக்கும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.