இரண்டு ராகுகாலமும் ஒரு சந்திரப் பயணமும்

ஒரே நாளில் இரண்டு ராகுகாலம் பார்த்த குடும்பம் சிட்னியில் எங்களுடையதாக மட்டும்தான் இருக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் விஞ்ஞான அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போன கிழமை நான் அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளத்தோடு கிடந்தேன். சந்திரனுக்குப் போன கலத்தின் மாதிரி ஒன்றை அங்கே வைத்திருந்தார்கள். உள்ளே ஏறி உட்காரலாம். வகுப்பில் ஏறாத ஒரே பிள்ளை நான். கலம் வேறு ஊருக்குப் போகுமுன் எனக்கு மிஞ்சியிருந்தது ஒரேயொரு சனிக்கிழமை.

அப்பா வாங்கிய பழைய காருக்கும் அன்றுதான் முதல் பயணம். ஒன்பது மணிக்கே சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். ராகுகாலம் பத்தரைக்குத்தான் முடியும் என்றார் அப்பா. பொறுத்தேன். அங்கே சாப்பாடு ஆனை விலை, சமைத்துச் சாப்பிட்டுவிட்டே போவோம் என்றார் அம்மா. அதையும் பொறுத்தேன். சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைக்கும்போது மணி ஒன்றரை.

"இப்ப ஊரில ஒன்பது மணி. ராகுகாலம் துடங்கிட்டுது" என்றார் அம்மா.

"கார் நிக்கிறது இங்க சிட்னியில, பரமட்டாவிலயப்பா!" என்றார் அப்பா.

"பஞ்சாங்கம் ஊரிலதானே கணிச்சது."

அப்பாவிடம் இதற்குப் பதில் இருந்திருக்கலாம். ஆனால் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமான மனிதர் அவர். மூன்று மணிக்குத்தான் தேசிக்காய் நசிந்தது.

நாலு மணிக்கு எங்களை வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடிப் போன அப்பா போனவர்தான். கலத்தில் ஏறக் கடைசி முறை நாலரைக்கு. பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும். வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை.

ஒரு பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முதன்முதலில் சந்திரனைச் சுற்றிவந்த மூன்று பேரின் குரல் அதற்குள் இருந்தது. அவர்கள் அங்கே இறங்கக்கூட இல்லை. கலம் சந்திரனுக்குப் பின்னால் போனதும் பூமியோடு தொடர்பு அறுந்துவிடும், மறுபக்கத்தால் வெளியே வந்தால்தான் திரும்பக் கிடைக்கும். பொத்தானை அமத்தினால் முதலில் வெறும் இரைச்சல், பிறகு ஒருவர் பேசுவார். அம்மா கேட்டார். மறுபடி அமத்தினார்.

"அம்மா, பிளீஸ், லேற்றாகுது!"

"பொறு பிள்ளை, இப்ப கதைப்பார்."

அவர் கதைத்தார். அம்மா மறுபடி அமத்தினார். பின்னால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் காத்திருந்தது. நான் கையைப் பிடித்து இழுத்தேன், கெஞ்சினேன், கடைசியில் அழுதேன். கடையில் உப்புப் புளி வாங்கும்போதுகூட ஒரு நிமிடம் நிற்காத அம்மா அந்தப் பெட்டியை விட்டு அசையவில்லை. கலத்தின் வாசலில் கயிறு கட்டிவிட்டார்கள்.

காரில் வரும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எத்தனை தரம் அமத்தினாலும் அந்த ஆள் அதைத்தானே சொல்லும்!" என்று கத்தினேன்.

"ஓம். ஒவ்வொரு தரமும் கதைக்கிறார்" என்றார் அம்மா.

அப்பா ஏனோ என்னை ஏசவுமில்லை, அம்மாவை ஏசவுமில்லை. அம்மாவின் தம்பி சண்டை நடந்த வன்னியிலிருந்து கடைசியாகத் தொலைபேசி எடுத்து அப்போது நாலு மாதமாகியிருந்தது. அதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.