மதியத்தில் நன்றாகப் படித்தவள்

என் அண்ணனைப் போல நல்லவனையும் நான் பார்த்ததில்லை, காரியத்தைக் கெடுக்கிறவனையும் பார்த்ததில்லை. ஒரே வீட்டில் இருப்பதால் இரண்டையும் தினமும் பார்க்கிறேன்.

அண்ணி ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு உதவியாளர் எடுக்கப்போவதாகச் சொல்லி, துப்புரவு ஆட்களுக்குக் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். அதில் பாடத்தை முடித்தால்தான் தேர்வு எழுதலாம். ஆளுக்குத் தகுந்தாற்போல் நடத்துமாம் அது. தப்பாகச் சொன்னால் கோபிக்காமல் திரும்ப விளக்கும், சரியாகச் சொன்னால் அடுத்ததற்குப் போகும். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவளுக்கு முகமே மலர்ந்துவிட்டது.

அப்புறம் என்ன ஆயிற்றோ, பாடம் தலைதெறிக்க ஓடியது. பின்னம் பிடிபடுவதற்குள் விகிதம், விகிதம் பிடிபடுவதற்குள் கரைசல் கணக்கு. தன் மண்டையில் களிமண்தான் இருக்கிறது என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுவாள். அண்ணன் முதுகைத் தடவிக்கொடுப்பான்.

ஒருநாள் சாப்பிடும்போது, திரையில் வந்ததைச் சிரித்துக்கொண்டே வாசித்தாள். அவள் மதிய வேளையில்தான் மிக நன்றாகப் படிக்கிறாளாம், கடினமான பாடங்களை அப்போது வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

மதியத்தில் அவள் வார்டில் இருப்பாள். அங்கே கைப்பேசி கூடாது என்பதால் அது வீட்டில்தான் கிடக்கும். அப்போது வீட்டில் இருப்பது ராத்திரிக் காவல் வேலைக்குப் போகிற அண்ணன் மட்டும்தான்.

தட்டைப் பார்த்தபடியே, மதியத்தில் அவள் பாடத்துக்குத் தானே விடை போட்டு வந்ததை ஒப்புக்கொண்டான். உடம்பு நோக உழைத்துவிட்டு வந்து படிக்கவும் வேண்டுமா, பாதியையாவது முடித்து வைப்போம் என்று நினைத்தானாம். கணக்கில் புலி வேறு, எல்லாமே சரியான விடை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி கத்தவில்லை.

"எனக்கு என்ன தெரியலன்னு பாத்து நிதானமா சொல்லிக் குடுக்க ஒண்ணு கெடச்சுது. அதுகிட்ட போய் எனக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிட்டீங்களே."

மறுநாள் ஆஸ்பத்திரியில் இந்தப் பயிற்சியைக் கவனிக்கும் அம்மாளிடம் நடந்ததைச் சொன்னாள். செயலியில் இதுவரை பதிவானதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம், ஆனால் இந்தத் தடவை தேர்வு கிடையாது. அழிக்காவிட்டால் போய் எழுதலாம் என்றாராம். அடுத்த தேர்வு எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. எழுதித்தான் பாருங்களேன் அண்ணி என்று நான் கெஞ்சினேன்.

"யாரோ ஒருத்தரோட ரத்தத்துல நான் குருட்டாம்போக்குல கை வைக்கவா?" என்று கேட்டாள். அழித்தும் விட்டாள்.

தேர்வன்று, அது நடக்கும் அறை வாசலைத் துடைக்கும் முறை அவளுக்கே விழுந்தது. வீட்டுக்கு வந்து அண்ணன் நீட்டிய டீயை வாங்கிக் குடித்துவிட்டு, முதல் பாடத்தைத் திறந்தாள். இப்போதெல்லாம் வேலைக்குக் கிளம்பும்போது கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறாள்.