மாமிக்கு முன்னால் கேட்ட கேள்வி

கர்ப்பிணிகளுக்கான கிளினிக்கில் படிவம் நிரப்புகிறவளுக்கு ஊசி பிடிக்கத் தெரியத் தேவையில்லை, கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும் என்றுதான் என்னை எடுத்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இதையும் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது. வாய் தவறி ஒன்றைக் கேட்டுவிட்டுச் சோறு இறங்காமல் இருந்தவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

விசாரித்து எடுத்த பெண்

மானிப்பாயில் எங்கள் கிளினிக்குக்கு அச்சுவேலியிலிருந்து புதிதாய்க் கலியாணமான ஒரு பிள்ளை, புருஷனின் தாயான மாமியோடு வந்தாள். மூன்று மாதம். கூடப் பிறந்தவர்களிலோ தாய்வழியிலோ தசை நலிந்து நடக்க முடியாமல் போன ஆண்கள் இருக்கிறார்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி. இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் வரலாம், சோதிக்க வேண்டும். சத்தமாகவே கேட்டேன். பிள்ளை தன் செருப்பைப் பார்த்தாள். மாமிதான் பதில் சொன்னா. நான் "இல்லை" என்று எழுதினேன்.

"உப்பிடி ஒண்டும் இல்லைத் தங்கச்சி. நாங்கள் நல்லா விசாரிச்சுத்தான் பொம்பிளை எடுத்தனாங்கள்."

கனடாத் தம்பி

அடுத்த நாள் அவள் பஸ்ஸில் தனியே வந்தாள். அவளுடைய தம்பிக்கு அந்த நோய்தானாம். பத்து வயதிலிருந்து சக்கர நாற்காலி. சம்பந்தம் குழம்பிவிடும் என்று, அவன் கனடாவில் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டு, சாவகச்சேரியில் சின்னம்மா வீட்டில் வைத்திருக்கிறார்கள். இவள் திரும்பி வராமல் விட்டிருந்தால், நான் எழுதியதை நம்பி டொக்டரும் பேசாமல் இருந்திருப்பாரே!

"அக்கா, அந்த இல்லையை வெட்டிவிடுங்கோ. மாமிக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

ஒரு மணித்தியாலப் பயணம்

முதலில் தம்பியின் இரத்தத்தில் அந்த நோயைத் தரும் மரபணுப் பிழை எங்கே என்று பார்க்க வேண்டும். அதே பிழை அக்காவிடமும் இருந்தால்தான் வயிற்றில் ஊசி போட்டுப் பிள்ளையைச் சோதிப்பது என்றார் டொக்டர். அதுவும் நாள் பிந்தக்கூடாது. தம்பியை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். மாமி வந்துவிடுவாவோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவனோ சிரித்தான்.

"கனடாவிலையிருந்து ஒரு மணித்தியாலத்திலை வந்திட்டன் அக்கா. பிளேன்தான் கொஞ்சம் குலுக்கிப்போட்டுது."

கொழும்பிலிருந்து முடிவு

இரண்டு பேரின் இரத்தமும் கொழும்புக்குப் போனது. அதன் பிறகு தொலைபேசி அடித்தால் முதலில் ஓடிப்போய் எடுப்பது நான்தான். மூன்றாம் வாரம் முடிவு வந்தது: தம்பியின் பிழை அவளிடம் இல்லை. ஊசி தேவையில்லை. நான்தான் அழுதேன். அவள் கதிரையில் சாய்ந்து இருந்தாள்.

"அக்கா, இப்பதான் எனக்குப் பசிக்குது."

இப்போதெல்லாம் அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே, அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுத்து வரச்சொல்லி மாமிமாரைக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். ஒருவருக்கும் தேவைப்படாத அந்தக் கொப்பிகளால் என் மேசை லாச்சி நிரம்பிப்போய்க் கிடக்கிறது.