சித்தப்பா நல்லால்ல என்று சொன்ன படம்

எங்கள் தெருவில் யாரும் ஒரு படத்துக்கு நேராகத் தியேட்டருக்குப் போனதில்லை. முதலில் சித்தப்பாவைக் கேட்பார்கள். அவர் போகலாம் என்றால் போவார்கள், வேண்டாம் என்றால் வீட்டிலேயே உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள்.

சித்தப்பாவுக்குத் திருவள்ளூரில் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் திருத்தணியிலிருந்து கிளம்பும் ரயிலில் அவரும் சினேகிதர்களும் ஒரே பெட்டியில் ஏறுவார்கள். அரக்கோணம் தாண்டுவதற்குள் டைரக்டரைத் தூக்கில் போட்டு, மணவூர் வந்ததும் மனசு இரங்கி இறக்கிவிடுவார்கள் என்று என் நைனா அம்மாவிடம் கேலி செய்வார். படம் வெளியாகும் அன்றைக்கே சித்தப்பா பார்த்துவிடுவார். தெலுங்குப் படமென்றால் பஸ் ஏறி, ஆந்திர எல்லை தாண்டி நகரிக்குப் போவார். தியேட்டர் வாசலில் நின்றபடியே செல்போனில் பேசி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்: "இன்டர்வெல் வரைக்கும் ராக்கெட்டுப்பா. அப்பால சவ்வு மாதிரி இழுக்கிறான். ரெண்டாவது பாட்டுக்கு எழுந்து போய் டீ குடிச்சிட்டு வந்துடுங்க."

உடனே கேள்விகள் குவியும். குடும்பத்தோடு பார்க்கலாமா, சண்டை எத்தனை, கடைசியில் ஹீரோ செத்துப்போகிறானா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகர் அவரை வேப்பமரத்தோரம் தள்ளிக்கொண்டு போய், "புள்ளைங்கள இட்டுகினு போலாங்களா?" என்று ரகசியமாகக் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு அரை மணி முன்னால்தான் சினிமா ஆத்துமாவுக்கு ஆகாது என்று அவர் பிரசங்கம் செய்திருந்தார்.

பிடிக்காத படத்தையும் சித்தப்பா சும்மா விடமாட்டார். எங்கே கெட்டது, யார் கெடுத்தது, எப்படி எடுத்திருந்தால் தேறியிருக்கும் என்று படத்தைவிட நீளமாக விளக்குவார்.

அம்மாவின் தங்கையைத்தான் அவர் கட்டியிருந்தார். சித்தியும் அவரும் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். கல்யாணமான புதிதில் எல்லாப் படத்துக்கும் இருவரும் சேர்ந்தே போவார்கள். திரும்பி வந்து படியேறும்போதே சண்டை ஆரம்பித்துவிடும். அவருக்குப் பிடித்த படம் சித்திக்குப் பிடிக்காது. செருப்பைக் கழற்றக்கூட மறந்து வாசலிலேயே நின்று வாதாடுவார்கள்.

நான் நாலாவது படித்த வருஷம் அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது. அதற்குக் கொஞ்ச காலம் முன்னால் சித்தி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்திருந்தாள். "பாப்பா ஆண்டவர்கிட்ட போயிடிச்சி" என்று அம்மா என்னிடம் சொன்னாள். அதற்குமேல் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சித்தியும் சித்தப்பாவும்கூட எடுக்கவில்லை. கரண்ட் போனது, மோட்டார் போடவேண்டும், கேஸ் தீரப்போகிறது என்று வீட்டுக்கு வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டார்கள். சித்தப்பா ஊருக்கெல்லாம் சினிமா சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்வார்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பெரிய ஹீரோ கிடையாது, சண்டை கிடையாது. ஆனாலும் பார்த்தவர்கள் எல்லோரும் அதையே பேசினார்கள். சித்தப்பா முதல் நாளே பார்த்துவிட்டு வந்து குரூப்பில் போட்டது இவ்வளவுதான்: "நல்லால்ல. யாரும் போவாதீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயில் சினேகிதர் ஒருவர் பைக்கில் வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று சித்தப்பாவைக் கீழே கூப்பிட்டார். வண்டியை அணைக்கக்கூட இல்லை.

"யோவ், இன்னாய்யா ஆச்சு உனக்கு? எங்க வீட்ல கண்ணைத் தொடச்சிகினே வந்தாங்க. நீ நல்லால்லன்ற. எங்க நல்லால்ல, சொல்லு."

"எனக்குப் புடிக்கல, வுடு."

"ஒரு காரணம் சொல்லுய்யா."

"வுடுன்றேன் இல்ல?"

"போய்யா! உனக்கு ரசனையே போயிடிச்சி. இனிமே உன் பேச்சைக் கேட்டு எவன் படத்துக்குப் போவான்?"

அவர் சிரித்துக்கொண்டு சொன்னாலும் சித்தப்பாவின் முகம் சுண்டிப்போனது. மாடிப்படியின் மேலே ஈரத்துணி வாளியோடு நின்ற சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். "காரணமே சொல்லாம ஒரு படத்த நல்லால்லனு சொல்ல மாட்டாரே" என்றாள், என்னைப் பார்க்காமல்.

சனிக்கிழமை எனக்கு லீவு, சித்தப்பாவுக்கு வேலை. மத்தியானம் சாப்பிட்டதும் சித்தி கீழே வந்து, "வாடி கண்ணு, படத்துக்குப் போலாம்" என்றாள். அம்மாவின் முகம் மாறியது. "அந்தப் படமா? உனக்கு எதுக்குடி அது?" என்று கேட்டாள். "பாத்துட்டு வந்து சொல்றேன்கா" என்று சித்தி எனக்குத் தலை வாரிவிட்டாள்.

தெருவெல்லாம் மலைக்கோயிலுக்குப் போய்விட்டு வந்த கூட்டம். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்கு நடுவே புகுந்து தியேட்டருக்குப் போனோம்.

படத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த ஆண் பிள்ளை ஒரு நாள்கூடத் தங்கவில்லை. பெண்டாட்டி மயக்கம் தெளிவதற்குள் புருஷன் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்துவிடுகிறான். அதற்குப் பிறகு இருவரும் ஒரே வீட்டில் யாரோ இரண்டு பேராக இருக்கிறார்கள். எங்களைச் சுற்றிலும் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. சித்தியும் அழுவாள் என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவள் அழவில்லை. என் கையை மட்டும் பிடித்திருந்தாள், வளையல் அழுந்தி வலிக்கிற அளவுக்கு. இன்டர்வெல்லில் எனக்கு ஒரு பப்ஸ் வாங்கித் தந்தாள். எனக்குச் சலிப்பாக இருந்தது. "போலாமா சித்தி?" என்றேன். "முழுசா பாத்துடலாம்" என்றாள்.

சாயங்காலம் சித்தப்பா வந்தபோது நாங்கள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். மலைமேல் கோயில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன.

"அந்தப் படத்துக்குப் போய்ட்டு வந்தேங்க" என்றாள் சித்தி.

சித்தப்பா தோள்பையைக் கீழே வைத்தார்.

"நல்லால்லனு சொன்னேன் இல்ல?"

"ஆங். நல்லால்லதான்" என்றாள். பிறகு, "அவன் பண்ணது எனக்குப் புடிக்கல. ஒரு தபா அவகிட்ட காட்டிட்டு எடுத்துகினு போயிருக்கலாம் இல்ல?"

"அவ தாங்க மாட்டானு நெனச்சிருப்பான்."

"அவனே நெனச்சிகினா போதுமா?"

"டாக்டரும் காட்ட வேணாம்னுதான் சொல்லியிருப்பாங்க. பெரியவங்களும் அதையே சொல்லியிருப்பாங்க. அவன் இன்னா பண்ணுவான்? தனியா நின்னுகினு இருந்தான்."

பழையபடி சினிமாச் சண்டை ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். துணிகளை மடியில் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். சித்தி ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்பால வந்தாவது சொல்லியிருக்கலாமே. எப்டி இருந்துச்சி, யாரு மாதிரி இருந்துச்சினு."

"அவ கேக்கவே இல்லியே."

"கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பான்."

"இன்னானு சொல்லியிருப்பான்?"

சித்தப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மலையையே பார்த்தார். "மூக்கு அப்டியே அவளோடது. தலை நெறைய முடி. நெத்தி வரைக்கும் சுருண்டுகினு இருந்துச்சி. தூங்குற மாதிரிதான் இருந்தா. கையில வச்சிகினு இருந்தப்போ வெயிட்டே இல்ல. வெரல் மட்டும் நீள நீளமா... வளந்திருந்தா நல்லா ஒசரமா வந்திருப்பா, அவங்கம்மா மாதிரியே."

எனக்குப் பொறுக்கவில்லை. தெருவே இவரைக் கேட்டுத்தான் படத்துக்குப் போகிறது, இவரே இவ்வளவு பெரிய தப்பைச் சொல்கிறாரே!

"சித்தப்பா, படத்துல வந்தது ஆம்பளப் புள்ள. மூஞ்சியே காட்டல. துணி சுத்தி இருந்தாங்கோ. முடியெல்லாம் எங்க தெரிஞ்சிது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை நான் அங்கே இருந்தது தெரியாதவர்கள் மாதிரி பார்த்தார்கள். அப்போதுதான் சித்தி அழுதாள். தியேட்டரில் அழாதவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். சித்தப்பா அவள் பக்கத்தில் வந்து சிமெண்ட்டுத் தரையில் உட்கார்ந்து, அவள் முதுகில் கையை வைத்தார். மற்றொரு கையால் என் தலையைத் தடவினார்.

"ஆங், கண்ணு. நீ சொல்றதுதான் கரெக்டு. நான் சரியா பாக்கல."

நான் கீழே ஓடிவந்து, சித்தப்பாவையே மடக்கிவிட்டேன் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மாடிப்படியைப் பார்த்தபடியே நின்றாள். ஆனால் மேலே போகவில்லை. அவள் ஏன் என்னைப் பாராட்டவில்லை என்று எனக்கு வருத்தமாக இருந்தது. பாதிப் படத்தில் தூங்கிவிட்டுத்தான் சித்தப்பா இப்படிக் கதையை மாற்றிச் சொல்கிறார் என்று, மறுநாள் ஆராதனை முடிந்ததும் போதகரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.