செல்லாண்டியம்மன் பூக் கொடுக்காத வைகாசி

என் பெயரைப் போட வேண்டாம் என்று அம்மா சொன்னார். போடுகிறேன். என் பெயர் கோகிலா. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் தோட்டத்திலேயே வீடு. செல்லாண்டியம்மன் எங்கள் குலதெய்வம். அவளை நம்புகிறவர்கள் படிக்கிற இடத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள் ஆவேன். ஆனால் இனிக்க இனிக்கச் சொல்ல எனக்கு வராது. பட்டது அப்படி.

இரண்டு வருடத்துக்கு முன்னால், சித்திரை வெயிலில், மூக்கு இருந்தும் மூச்சு விட முடியாமல் கிடந்தேன். மூச்சை உள்ளே இழுத்தால் மூக்கின் இரண்டு பக்கமும் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவேன், தொண்டை காய்ந்துபோய் விழிப்பேன். கண்ணாடியில் பார்த்தால் மூக்கின் தண்டு நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தது. நான் வேலை பார்ப்பது கோழித் தீவன ஆலையில். வந்து இறங்கும் மக்காச்சோளத்தைக் கையில் அள்ளி மோந்து பார்ப்பேன். பூஞ்சை வாடை அடித்தால் லோடைத் திருப்பி அனுப்பச் சொல்வேன். அந்தச் சித்திரையில் கருவாட்டுத் தூள் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றும் எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. மேனேஜர் என்னை பில் போடும் இடத்துக்கு மாற்றினார்.

இது நோயில் வந்ததில்லை. விபத்தும் இல்லை. நன்றாக இருந்த மூக்கை அறுத்துக் கெடுத்த கதை.

அதற்கு முந்தின கார்த்திகையில் சேலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெங்களூரில் கம்பெனி வேலை. ஜாதகம் பொருந்தியது, காடு தோட்டம் பொருந்தியது, என் மூக்கு மட்டும் பொருந்தவில்லை. எனக்கு மூக்குத்தண்டு நடுவில் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். என் அப்பாவுக்கும் அப்படித்தான், அவருக்கு அது கம்பீரம் என்பார்கள். பையனின் பெரியம்மா காபியைக் குடித்து முடித்துவிட்டு, பெண் லட்சணம்தான், மூக்கு மட்டும் கொஞ்சம் தூக்கல், இப்போதெல்லாம் அதைச் சரி செய்துகொள்ளலாமாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு பேச்சு எங்கள் வீட்டில் வேலை செய்தது.

அம்மா உடனே கோயிலுக்குப் பூக் கேட்கப் போனார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பூசாரி அம்மன் சிலையின் இரண்டு பக்கமும் ஈரச் சந்தனத்தில் பூவை ஒட்டி வைத்துக் கேள்வியைச் சொல்வார். வலது பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடது பக்கம் விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். இரண்டும் விழாவிட்டால் அம்மன் இன்னும் வாக்குத் தரவில்லை, அதுவரை அந்தக் காரியத்தைத் தொடக்கூடாது. அம்மா கேட்டது, இந்த வரன் அமையுமா என்று. வலது பக்கத்துப் பூ விழுந்தது. அறுவை சிகிச்சைக்கும் அதுவே உத்தரவு என்று வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மூக்கைப் பற்றி அங்கே யாரும் கேட்கவே இல்லை. என்னையும் கேட்கவில்லை. கையெழுத்து மட்டும் வாங்கினார்கள்.

டாக்டரைப் பிடித்தது அத்தை. அப்பாவின் தங்கை, கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கிறார். சேலத்தில் புதிதாக அழகு சிகிச்சை ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு டாக்டர் அத்தைக்குச் சம்பந்தி வழியில் உறவு. வழுக்கைக்கு முடி நடுவார், முகத்துக்குக் கிரீம் கொடுப்பார், மூக்கும் செய்வார். இதுவரை எத்தனை மூக்கு செய்திருக்கிறார் என்று கேட்கலாமே என்றேன். அத்தைக்கு வந்ததே கோபம்.

"நம்ம சொந்தத்துல இருக்கற டாக்டரைப் போயி, எத்தனை மூக்கு பண்ணீருக்கறீங்கன்னு கேக்கறதா? நாளைக்கு அவங்க ஊட்டு விசேஷத்துக்கு நான் எப்படிப் போயி நிக்கறது?"

இதுதான் எங்கள் ஆட்களின் புத்தி. மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். போர் போட ரிக் வண்டியைக் கூப்பிட்டால், யார் தோட்டத்தில் ஓட்டினாய், தண்ணீர் வந்ததா என்று விசாரிக்காமல் விடமாட்டார்கள். மகள் முகத்தில் கத்தி வைக்கப் போகிறவரிடம் ஒரு கேள்வி கேட்டால் மட்டும் மரியாதைக் குறைவு. சொந்தக்காரர் கவனமாகச் செய்வார் என்றார்கள். கவனம் வேறு, பழக்கம் வேறு.

தை மாதம் செய்தார்கள். கட்டுப் பிரித்ததும் எல்லோரும் கை தட்டாத குறை. அடுத்த மாதமே தண்டு உள்ளே இறங்க ஆரம்பித்தது. பங்குனியில் மூச்சு போனது. சொந்தக்கார டாக்டர், தண்டை ஒரு துளி கூடுதலாக எடுத்துவிட்டதாகவும் வைகாசியிலேயே மறுபடி திறந்து சரி செய்துவிடலாம் என்றும் சொன்னார். ஆவணியில் கல்யாணம். பையன் வீட்டாருக்குப் போட்டோவில் பள்ளம் தெரியக்கூடாது. எல்லோருக்கும் அவசரம்.

எனக்குப் பயம். செல்போனில் தேடிப் படித்தேன். இரண்டாம் தடவை செய்வது முதல் தடவையைவிடக் கஷ்டம் என்றும், தழும்பு ஆறக் குறைந்தது ஒரு வருடமாவது காத்திருக்க வேண்டும் என்றும், அதில் பழகிய கையிடம்தான் போக வேண்டும் என்றும் போட்டிருந்தது. அத்தையிடம் காட்டினேன். டாக்டரைவிட செல்போனுக்கு அதிகம் தெரியுமா என்று கேட்டார். அப்பா எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார். அந்த வீட்டில் எனக்கென்று பேச ஓர் ஆள் இல்லை.

வைகாசி முதல் வெள்ளிக்கிழமை பூக் கேட்கப் போனோம். அதே டாக்டரிடம் மறுபடி செய்து கல்யாணத்தை நல்லபடி நடத்தலாமா என்று பூசாரி கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அவர்கள் கல்யாணத்தைக் கேட்டார்கள். நான் மூச்சைக் கேட்டேன். தாயே, மூக்கு எப்படியாவது இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு மூச்சைக் கொடு என்று மனதுக்குள் அழுதேன். வேறு வார்த்தை வரவில்லை.

பூ விழவில்லை. வெயில் ஏறி, வந்தவர்கள் எல்லாம் கலைந்து போகும்வரை உட்கார்ந்திருந்தோம். இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. அடுத்த வெள்ளி போனோம், அப்போதும் விழவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். பூசாரி சந்தனத்தைக் கெட்டியாக அரைத்துவிட்டார் என்று அத்தை அவர் காது படவே சொன்னார். அதற்குப் பூசாரி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"சந்தனம் அன்னைக்கும் இதேதானுங்க. அன்னைக்குப் பூ உழுந்துச்சு, சம்மதம்னு போனீங்க. இன்னைக்கு அம்மா பேசாம இருக்கறா. நீங்களும் பேசாம இருங்க."

குலதெய்வம் வாக்குத் தராத காரியத்தைத் தொட அப்பாவுக்குத் துணிச்சல் இல்லை. என் பேச்சுக்குப் பணியாத வீடு ஒரு பூவுக்குப் பணிந்தது. அதுவும் எனக்குக் கசப்புதான், மறைக்கவில்லை.

பையன் வீட்டார் ஆடி வரை பார்த்தார்கள். அப்புறம் ஆள் விட்டு, ஒத்துவராது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா படுத்த படுக்கையானார். என்னால்தான் எல்லாம் என்று அத்தை ஊர் முழுக்கச் சொன்னார். விசேஷ வீடுகளில் பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்ப்பார்கள். அம்மன்மேலும் எனக்குக் கோபம் வந்தது. நான் கேட்ட மூச்சும் வரவில்லை, அவர்கள் கேட்ட கல்யாணமும் நடக்கவில்லை, பிறகு எதற்கு நீ என்று கேட்டேன். ஆடிப் பண்டிகைக்குக்கூடக் கோயில் பக்கம் போகவில்லை.

ஆனால் என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை. கெட்டுப்போன சரக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள், அதனால் எனக்கு நேரம் கிடைத்தது. நானே டாக்டர் தேடினேன். முதலில் பார்த்தவர் கம்ப்யூட்டரில் என் முகத்துக்கு ஒரு நடிகையின் மூக்கை ஒட்டிக் காட்டினார். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். அடுத்து கோயம்புத்தூரில் ஒருவர். வேறு இடத்தில் செய்து கெட்டுப்போன மூக்குகளைத் திருத்துவதுதான் பல வருடமாக அவருடைய முக்கிய வேலை. அத்தை கேட்கக்கூடாது என்ற கேள்விகளை எல்லாம் கேட்டேன். இரண்டாம் தடவை மூக்கு எத்தனை செய்தீர்கள், சரியாக வராதது உண்டா, அவர்களை என்ன செய்தீர்கள். அவர் கோபப்படவில்லை. சரியாக வராதவர்களைப் பற்றித்தான் முதலில் சொன்னார்.

பிறகு என் கன்னத்தில் விரலை வைத்து வெளிப்பக்கமாக லேசாக இழுத்து, இப்போது மூச்சை இழுங்கள் என்றார். இழுத்தேன். குளிர்ந்த காற்று நேராக உள்ளே போனது. நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். வைகாசியில் மறுபடி செய்வதாக இருந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அந்த நேரத்துல திறந்திருந்தா மேல் தோல் பிழைச்சிருக்குமான்னே சந்தேகம்மா. அப்புறம் என்கிட்ட வந்தும் பிரயோஜனம் இல்லை. யார் தடுத்தாங்களோ, அவங்களுக்கு நன்றி சொல்லிக்கோங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் சங்ககிரி தாண்டும்போதுதான் அம்மனை நினைத்தேன். எந்த வாயால் அவளைத் திட்டினேனோ அதே வாயால்தான் அப்போதும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். என் வேண்டுதலை அவள் அன்றைக்கே கேட்டுவிட்டாள். பூ விழாமல் இருந்ததே பதில் என்று எனக்குத்தான் தெரியவில்லை.

வருடம் முடிந்த பிறகு கோயிலுக்குப் போனோம். இந்தத் தடவை கேள்வியை நான் சொன்னேன். கோயம்புத்தூர் டாக்டரிடம் செய்யலாமா என்று பூசாரி கேட்டு வாயை மூடவில்லை, வலது பக்கத்துப் பூ விழுந்தது. விலா எலும்பு ஓரத்துக் குருத்தெலும்பை எடுத்து மூக்குக்குள் வைத்துத் தைத்தார்கள். வலி சாதாரண வலி இல்லை. பழைய மூக்கு வராது, மூச்சு வரும் என்று அந்த டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொன்னபடியே வந்தது. முன்பிருந்த அப்பாவின் மூக்கு போனது போனதுதான். வீக்கம் வடிந்தபின் ஒரு நாள் ஆலையில் மக்காச்சோளத்தை அள்ளி மோந்தேன். பூஞ்சை வாடை குப்பென்று ஏறியது. லோடைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். லாரி டிரைவர் கத்தினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இப்போது அத்தை, அம்மன்தான் காப்பாற்றினாள் என்று எல்லோரிடமும் சொல்கிறார், கூடவே தானும் அன்று கோயிலில் இருந்ததாக. போன மாதம் அதே பையன் வீட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தது. மூக்குதான் இப்போது சரியாகிவிட்டதே, பேசி முடிக்கலாமா என்று கேட்டார்கள். அம்மா தட்டில் பூவை எடுத்துவைத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். நான் தடுத்தேன்.

"இதுக்கு அம்மனைப் போயித் தொந்தரவு பண்ண வேண்டாங்கம்மா. இதுக்கு வாக்கு நானே சொல்றேன். வேண்டாங்க."

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, சரி சாமி என்றார். என் பேச்சுக்கு அவர் சரி சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

செல்லாண்டியம்மனை நம்புங்கள். நான் நம்பாமல் போன மாதங்களிலும் அவள் என்னை விடவில்லை. கேட்டது உடனே கிடைக்காவிட்டால் அவள் காது கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். தாராளமாகப் போய்ப் பூக் கேளுங்கள். ஆனால் போவதற்கு முன்னால், யாருடைய மூக்கோ, அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.